விண்டோஸ் அப்டேட்: எதை உடனே ஏற்பது, எதைத் தள்ளிப்போடுவது?

வேலை மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேட்கும் விண்டோஸ். ‘பிறகு பார்க்கலாம்’ என்று மூடிவிடுகிறோம். சிலர் ஒரு படி மேலே போய், அப்டேட்டையே நிறுத்திவைக்க வழி தேடுகிறார்கள். எல்லா அப்டேட்டையும் ஒரே தொல்லையாக நினைப்பதால் வரும் வினை இது. நாம் கவனிக்க வேண்டியவை மூன்று: மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தம், ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்பு, ஆதரவு முடிகிற நாள். முதலாவதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாவதில் அவசரம் கூடாது. மூன்றாவதற்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும்.

1. உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?

செட்டிங்ஸ் திறந்து, ‘சிஸ்டம்’ பகுதியில் கடைசியாக இருக்கும் ‘அபவுட்’டுக்குப் போங்கள். விண்டோஸ் 10-ஆ, 11-ஆ என்பதோடு 24எச்2, 25எச்2 என ஒரு குறியீடும் அங்கே இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு. ‘எச்2’ என்றால் அந்த ஆண்டின் பிற்பாதி.

விண்டோஸ் 11-இன் ஹோம், புரோ வகைகளில் ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாதங்கள்தான் ஆதரவு. 23எச்2-க்கு அது 2025 நவம்பர் 11-இல் முடிந்துவிட்டது. 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13. 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12. நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளுக்கு 36 மாதங்கள் என்பதால், அலுவலக லேப்டாப்பின் தேதியும் வீட்டு லேப்டாப்பின் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

2. மாதத் திருத்தத்தை அந்த வாரமே முடியுங்கள்

பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாயன்று மைக்ரோசாஃப்ட் வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. நமக்கு இரவு 10.30, அங்கே குளிர்காலமாக இருந்தால் 11.30. ஆகவே புதன்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறக்கும்போது அது உங்களுக்காகக் காத்திருக்கும்.

இதை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ‘வான்னாக்ரை’ ஒன்றே போதும். 2017 மே 12-இல் பரவத் தொடங்கி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கிய வைரஸ் அது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. சிக்கியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது விண்டோஸ் 7-க்கு ஆதரவும் இருந்தது. இரண்டு மாதமாகத் திருத்தத்தைப் போடாமல் விட்டதுதான் பிரச்சினை. திருத்தம் வெளியானதும் எங்கே ஓட்டை இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. அன்றிலிருந்து தாமதிக்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

டவுன்லோடு ஆனதோடு வேலை முடிந்துவிடாது. ரீஸ்டார்ட் ஆன பிறகே திருத்தம் செயலுக்கு வரும். லேப்டாப்பை மூடி மூடித் திறப்பது அதற்கு ஈடாகாது. ‘ஆக்டிவ் அவர்ஸ்’ அமைப்பில் உங்கள் வேலை நேரத்தைக் குறித்துவைத்தால், அந்த நேரத்தில் விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறவர்கள் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று மாற்றிவைத்தால் அப்டேட்டுக்காக டேட்டா பெரிதாகக் கரையாது. ஆனால் வாரம் ஒருமுறையாவது வைஃபையில் இணைத்து அப்டேட்டை முடித்துவிடுங்கள்.

3. ‘பிரிவியூ’வை விட்டுவிடுங்கள்

மாதக் கடைசியில் ‘பிரிவியூ’ என்ற பெயரில் இன்னொரு அப்டேட் தலைகாட்டும். அடுத்த மாதம் எல்லோருக்கும் வரப்போகிற மாற்றங்களின் முன்னோட்டம் அது, கட்டாயமில்லை. உங்களைப் படுத்துகிற கோளாறு ஒன்றுக்கு அதில் தீர்வு இருந்தால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில், புதியவற்றை உடனுக்குடன் பெறுவதற்கான பொத்தானை அணைத்தே வைத்திருங்கள்.

4. புதிய பதிப்புக்கு முன் நான்கு வேலைகள்

2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்த மைக்ரோசாஃப்ட், சரிசெய்து நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. காத்திருந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பழைய பதிப்புக்கு ஆதரவு இருக்கும்வரை ஓரிரு மாதம் பொறுப்பதில் தவறில்லை. மாதத் திருத்தங்கள் அதற்கும் வந்துகொண்டேதான் இருக்கும்.

பதிப்பை மாற்றத் தீர்மானித்த பிறகு:

• முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.
• சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.
• வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடித் தாளில் எழுதிவையுங்கள். வட்டு பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. ஏதோ மாற்றம் நடந்த பிறகு கணினி திடீரென்று அந்த எண்ணைக் கேட்கும்போதுதான் கலங்குவார்கள்.
• லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாப் பதிப்பும் ஒரே அளவு வேலை வைப்பதில்லை. 24எச்2-இலிருந்து 25எச்2-க்குப் போவது சிறிய அப்டேட்தான். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே என்பதால் ஒரு ரீஸ்டார்ட்டில் முடிந்துவிடும். 23எச்2-இலிருந்து வருகிறவர்களுக்கு முழு நிறுவலாக நேரம் எடுக்கும்.

5. முதல் பத்து நாட்கள்

முழு நிறுவல் முடிந்ததும் பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையொப்பச் சாதனம், தமிழ் தட்டச்சு எல்லாவற்றையும் அன்றே சோதித்துப் பாருங்கள். சிக்கல் இருந்தால் 10 நாட்களுக்குள் ‘சிஸ்டம்’ பகுதியிலுள்ள ‘ரெக்கவரி’யில் ‘கோ பேக்’ கொடுத்துப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். இடம் மிச்சமாகட்டும் என்று ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டரை அதற்குள் அழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். கோளாறுக்குக் காரணம் ஒரு மாதத் திருத்தம் என்றால், ‘அப்டேட் ஹிஸ்டரி’யில் அதை மட்டும் நீக்கலாம்.

6. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

2015 ஜூலை 29-இல் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கணினி எப்போதும்போல் ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் அடைபடாமலே கிடக்கும். உங்களுக்கு மூன்று வழிகள்.

முதலில், ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவசச் செயலியை ஓட்டி, விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். டிபிஎம் 2.0 சில்லு, செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம் ஆகியவை வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைந்திருக்கலாம். ‘தகுதியில்லை’ என்று வந்ததும் புதிய லேப்டாப் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

அது ஏறாவிட்டால், நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறலாம். 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் தேவை. கணினி அமைப்புகளை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணமில்லை. இல்லையென்றால் 30 டாலர்.

மூன்றாவது வழி லினக்ஸ். உபுண்டு 24.04 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டுத் திருத்தங்கள் இலவசம். பிரவுசரும் ஆவணங்களும் போதும் என்பவர்களுக்குப் பழைய கணினியே இன்னும் சில ஆண்டு உழைக்கும். பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ‘அபவுட்’டைத் திறந்து உங்கள் பதிப்பைப் பாருங்கள். அதன் ஆதரவு முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பாக ஒரு நினைவூட்டலையும், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள் இன்னொன்றையும் செல்போன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.