பெட்டை நாய் கண்ட இடத்தில் சிறுநீர் விடுவது ஏன்?

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் இரயில் பாதையில் பட்டாபிராமை அடுத்து வருவது நெமிலிச்சேரி. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை இவ்வூர் வழியாகத்தான் செல்கிறது. மனைப்பிரிவுகள் பெருகிவிட்ட போதிலும், இரண்டு கறவை மாடு, நான்கு கீரைப்பாத்தி என்று வைத்துக்கொண்டு காலம் தள்ளும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் உண்டு. அத்தகைய வீடுகளில் தொழுவத்துக்கும் பம்புசெட்டுக்கும் காவலாக ஒரு நாட்டு நாய் இருக்கும். பெட்டை நாய் ஊர் சுற்றாது, வீட்டோடு கிடக்கும் என்ற எண்ணத்தில் பெட்டைக்குட்டியையே கேட்டு வாங்கி வளர்ப்போரும் உண்டு.

ஆனால் குட்டியாக இருந்தவரை ஒழுங்காக வெளியே சென்று வந்த பெட்டை, எட்டு, பத்து மாத வயதில் திடீரெனத் தவிட்டு மூட்டையிலும், தொழுவத்துக் கம்பத்திலும், வைக்கோற்போரின் அடியிலும், வாசற்படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் தெளிக்கத் தொடங்கும். "ஆண் நாய்தானே காலைத் தூக்கும், இதற்கு என்ன கேடு வந்தது?" என்று வீட்டார் கோலை எடுப்பார்கள். அடித்தால் நாய் பயப்படுமே தவிர பழக்கம் நிற்காது. ஆள் இல்லாத நேரம் பார்த்து மறைவில் செய்யும். அவ்வளவுதான் வேறுபாடு.

பெட்டையும் அடையாளம் வைக்கும்

சிறுநீர் கழிப்பது வேறு, சிறுநீரால் அடையாளம் வைப்பது வேறு. நாய்க்கு மூக்குதான் முதல் புலன். ஒரு நாய் விட்ட சிறுநீரை மோந்து பார்க்கும் மற்றொரு நாய், அது ஆணா பெண்ணா, பருவத்தில் இருக்கிறதா, தெரிந்த நாயா, அயல் நாயா என்பதையெல்லாம் அறிந்துகொள்கிறது. மேலண்ணத்துக்கு மேலே மூக்கின் அடிப்பகுதியில் இதற்கென்றே தனி உறுப்பு ஒன்று நாய்களுக்கு உண்டு. சிறுநீர் பட்ட இடத்தை நாய் நக்கிவிட்டுப் பல்லை நறநறவென ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். அது அந்த உறுப்புக்கு வாடையை ஏற்றும் செயலாகும்.

மேற்கு வங்காளத்தில் காட்வா என்னும் ஊரின் தெருநாய்களைத் தொடர்ந்து கவனித்து எழுதப்பட்ட ஆய்வு ஒன்று 2003-ல் வெளியாயிற்று. ஆண் நாய்களே மிகுதியாக அடையாளம் வைக்கின்றன, ஆயினும் பெட்டைகளும் வைக்கின்றன, இணை சேரும் காலத்தில் இது கூடுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. 2004-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பெட்டை நாய்களை மட்டும் எடுத்துக்கொண்டது. பருவத்தில் இல்லாத பெட்டைகளும், கருப்பை நீக்கப்பட்ட பெட்டைகளுங்கூட, தம் இருப்பிடத்தை விட்டு வெளியே நடத்திச் செல்லப்படும்போது அடிக்கடி சிறுநீர் விட்டன. அதையும் சும்மா தரையில் விடாமல் செடி, கல், கம்பம் என்று குறி பார்த்து விட்டன. பாதி குந்தியபடியே ஒரு பின்னங்காலை இலேசாக உயர்த்துவது பெட்டைகளிடம் சாதாரணமாகக் காணப்படும் நிலையாகும். எனவே காலைத் தூக்கும் பெட்டையை நோயாளி என்றோ, பிறவிக் கோளாறு என்றோ எண்ண வேண்டியதில்லை.

வெளியே போகும்போது இப்படிச் செய்வது இயல்பு. வீட்டுக்குள்ளேயே புதிதாகத் தொடங்கினால் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். சந்தையிலிருந்து புது மாடு வந்திருக்கலாம். வெளியூர்ச் சாக்கில் வேறு நாயின் வாடை இருந்திருக்கலாம். இரவில் வேலி இடுக்கு வழியே தெருநாய் வந்து கம்பத்தில் விட்டுப் போயிருக்கலாம். அதன்மேல் தன் வாடையைப் போடாமல் வீட்டு நாய்க்குத் தூக்கம் வராது.

பருவகாலத்தில்

பெட்டைக்குட்டி பொதுவாக 6 முதல் 12 மாத வயதுக்குள் முதல் பருவத்துக்கு வரும். பிறகு ஏறத்தாழ ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை வரும். பருவம் சுமார் 3 வாரம் நீடிக்கும். முதல் 9 நாள் அளவுக்கு அறை வீங்கி இரத்தக் கசிவு இருக்கும். அடுத்த 9 நாள் அளவில்தான் ஆண் நாயைச் சேர்க்கும். இந்த நாட்கணக்கு நாய்க்கு நாய் வெகுவாக மாறும். இரத்தம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று அவிழ்த்து விடுவது பலரும் செய்யும் தவறு. உண்மையில் அப்போதுதான் சினை பிடிக்கும் காலம்.

இந்த மூன்று வாரமும், சில நாய்களில் அதற்குச் சற்று முன்பிருந்தே, சிறுநீர் தெளிப்பது மிகும். சிறுநீரில் கலந்துள்ள வாடை, வெகு தொலைவிலுள்ள ஆண் நாய்களையும் இழுத்து வரும். நம் ஊர்த் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் பிற்பகுதியில் இணை சேருகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் நாய்க்கூட்டம் சாலையில் திரிவதும், மார்கழி, தையில் வைக்கோற்போருக்குள் குட்டிச் சத்தம் கேட்பதும் இதனாலேயே. சினைக்காலம் 63 நாள் அளவாகும்.

பருவத்தில் இருக்கும் பெட்டையைத் தொழுவத்தருகே கட்டுவது நல்லதல்ல. கூட்டமாக வரும் ஆண் நாய்கள் சண்டையிடும். கன்றுகள் மிரளும். விலக்கப் போகும் ஆளுக்குக் கடி விழும். கடித்தது தெரிந்த நாயே ஆனாலும் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி வைத்துக் காத்திருப்பது உயிருக்கு உலை வைக்கும்.

மாட்டுக்கும் மனிதனுக்கும் வரும் கேடு

நாய் மூத்திரத்தை வெறும் நாற்றப் பிரச்சினையாகக் கருதிவிடக் கூடாது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீரகத்தில் தங்கிச் சிறுநீர் வழியே வெளிவருகிறது. பார்வைக்கு நலமாக இருக்கும் நாயும் மாதக்கணக்கில் கிருமியை வெளியேற்றக்கூடும். வெயிலும் உலர்ந்த தரையும் இக்கிருமியைக் கொன்றுவிடும். ஈரச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். மழைக்காலத்தில் ஏரிப்புறத்துத் தொழுவங்களின் நிலை என்ன என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கால் வெடிப்பு, சிறு காயம், கண், வாய் வழியாகக் கிருமி மனிதரின் உடலில் நுழைகிறது. கடுங்காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் தசையில் தாங்கமுடியாத வலி, சிலருக்கு மஞ்சள் காமாலை ஆகியன அறிகுறிகள். தொழுவ வேலை செய்பவருக்கு இவ்வாறு காய்ச்சல் கண்டால், மாடும் நாயும் வளர்ப்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். விட்டுவிட்டால் சிறுநீரகம் பழுதடையும்.

பசுக்களில் இந்நோய் கன்று வீச்சை உண்டாக்கும். கறவையில் நான்கு காம்பிலும் பால் திடீரெனக் குறைந்து, மடி தளர்ந்து, பால் மஞ்சளாகவும் கெட்டியாகவும் வந்தால் இந்த நோயையும் சந்தேகிக்கலாம். ஆனால் பழியை நாயின் தலையில் மட்டும் போட்டுவிடுவதும் சரியல்ல. எலிதான் முதல் எதிரி. பசுக்களுக்கென்றே உரிய வகைக் கிருமி மாட்டிலிருந்து மாட்டுக்கே பரவுகிறது. எனவே எலிவளையை அடைப்பதும், தவிட்டை மூடியுள்ள தகரப் பீப்பாயில் வைப்பதும், தரையில் கிடக்கும் மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றுவதும் நாயைத் திருத்துவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலைகளாகும்.

நாய்க்குட்டிக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகள் பலவற்றில் லெப்டோஸ்பைரா தடுப்பும் சேர்ந்தே உள்ளது. முதலில் சில வார இடைவெளியில் 2 முறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் போட வேண்டும். வெறிநோய் ஊசி இதற்குப் புறம்பானது.

மற்றொன்று சிறுநீரால் வருவதல்ல, ஆயினும் இங்கே சொல்லத்தக்கது. வைக்கோற்போரில் நாய் குட்டி போட விடக்கூடாது. பசு போட்ட நஞ்சுக்கொடியையும் வீசிய கன்றையும் நாய் தின்னவும் விடக்கூடாது. நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி இவ்வகையில் நாய்க்குப் போய், அதன் மலம் கலந்த தீவனத்தால் மீண்டும் பசுவுக்கு வந்து, நடுச்சினையில் கன்று வீசச் செய்யும். நஞ்சுக்கொடியை ஆழக்குழியில் புதைப்பதே முறை.

கீரைப்பாத்தியில் ஆங்காங்கே நடுவில் கருகி, ஓரத்தில் மட்டும் கரும்பச்சையாக வட்டங்கள் தெரிவது நாய்ச் சிறுநீரின் வேலையே. யூரியாவை அளவு மீறிக் கொட்டினால் நேர்வதுதான் இதுவும். பெட்டையின் சிறுநீரில் தனி விஷம் ஏதும் இல்லை. குந்தி ஒரே இடத்தில் முழுவதும் விடுவதால் கருகல் பெரிதாகத் தெரிகிறது. உடனே தண்ணீர் பாய்ச்சினால் பாதி தப்பும். வாடை பட்ட கீரையை விற்பனைக்குப் பறிக்கக் கூடாது.

செய்யத்தக்கவை

தெளித்த இடத்தை முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பின் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, வெயில் படக் காயவிட வேண்டும். மண் தரையானால் மேல்மண்ணை வெட்டியெடுத்துப் புதுமண் போடலாம். நனைந்த சாக்கைத் துவைத்து உலர்த்தாமல் மீண்டும் அடுக்கினால் நாய் அதே மூட்டையைத்தான் தேடி வரும். சாணம் மெழுகுவதும் பினாயில் தெளிப்பதும் மனித மூக்கைத்தான் ஏமாற்றும். சிறுநீர் ஈரத்தின்மேல் நேராகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது ஆபத்து. மூச்சை அடைக்கும் வாயு எழும். கழுவிய பிறகே தூவ வேண்டும்.

விடியற்காலையிலும், இரவு படுக்குமுன்பும், பகலில் இரண்டு முறையும் நாயைக் கயிற்றில் பிடித்து வேலியோரமாக நடத்திச் சென்று, ஆங்காங்கே மோந்து பார்த்துத் தெளிக்க விட வேண்டும். அதற்கென ஓரிடம் பழகிவிட்டால் வீட்டினுள் தெளிப்பது குறையும். தெளிக்கும்போதே கண்டால் அதட்டி வெளியே அழைத்துச் செல்லலாம். ஒரு மணி நேரம் கழித்து ஈரத்தில் மூக்கைத் தேய்ப்பது வீண்கொடுமை. எதற்காக அடி விழுகிறது என்பதே அதற்குத் தெரியாது.

குட்டி வேண்டாதவர்கள் கருத்தடை அறுவை செய்துவிடலாம். பருவமும் அதையொட்டிய தெளிப்பும் அத்துடன் நிற்கும். எல்லைக்காக வைக்கும் அடையாளம் சில நாய்களில் தொடரக்கூடும் என்பதையும் அறிந்துகொண்டே செய்ய வேண்டும். பருவத்தின்போது இரத்தப்போக்கு அதிகமாகும் என்பதால், பருவம் முடிந்து இரண்டு மாதம் போல் விட்டுச் செய்வது நலம். தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யும் வழியைச் சென்னையில் புளூ கிராஸ் 1964 முதல் வலியுறுத்தி வந்தது. 1990-களின் நடுவில் மாநகராட்சியும் அதை ஏற்றது. நாடு முழுமைக்கும் 2001-ல் விதிகள் வந்தன. அவற்றுக்கு மாற்றாக 2023-ல் புதிய விதிகள் வெளியாயின.

நோய் என்று எப்போது கருதலாம்?

அடையாளம் வைக்கும் நாய் முதலில் மோந்து பார்க்கும், பின் சில சொட்டே விடும், தெம்பாக நடந்து போகும். அவ்வாறின்றி முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டால், பருவம் இல்லாதபோது இரத்தம் கலந்தால், ஓயாமல் அறையை நக்கினால் சிறுநீர்ப்பை அழற்சியோ கல்லோ இருக்கலாம். படுத்த இடம் தானாக நனைந்தால் அது அடையாளம் அல்ல, கசிவு. கருத்தடை செய்த பெட்டைகள் சிலவற்றுக்கு இது வரும், மருந்துண்டு. பருவம் முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் நாய் தீனி எடுக்காமல், அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் விட்டு, அறையில் நாற்றச்சீழ் கண்டால் கருப்பையில் சீழ் கோத்திருக்கிறது. சிலவற்றில் சீழ் வெளியே வராமல் வயிறு மட்டும் உப்பும். அது இன்னும் மோசம். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாய் தங்காது.

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, 1903-ல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்லும்போது காலைச் சிறுநீரைப் பிடித்துச் செல்வது மருத்துவருக்கு உதவியாயிருக்கும். நாய் குந்தும்போது பின்புறமிருந்து ஒரு தட்டைக் கரண்டியை நீட்டினால் எளிதில் பிடிக்கலாம். கரண்டியும் புட்டியும் கொதிநீரில் கழுவி உலர்த்தியவையாக இருக்க வேண்டும். கைக்கு உறை போட்டுக்கொள்ள வேண்டும். பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் சேர்ப்பித்துவிடுவது நல்லது.