'ஃபேர்' என்றால் வெள்ளையா?



சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு காகிதங்கள் நம் டிரஸ்ட் அலுவலக மேசைக்கு வந்தன. ஒன்று, திருமணத் தகவல் பதிவுக்காக ஓர் உம்மா தம் மகளுக்கு நிரப்பித் தந்த படிவம். 'நிறம்' என்ற கட்டத்தில் 'ஃபேர்' என்று எழுதி, அது வேறு மையால் அடிக்கப்பட்டிருந்தது. எழுதியது உம்மா, அடித்தது மகள். மற்றொன்று, வாடகை வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்தின் ஒப்பந்தப் பத்திரம். முன்பணம் 60,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை என்று கொண்டு வந்திருந்தார்கள். அந்தப் பத்திரத்தின் எட்டாவது நிபந்தனையிலும் அதே 'ஃபேர்' இருந்தது. அந்த வரியை மட்டும் யாரும் படித்திருக்கவில்லை.

ஆகவே ஞாயிறு ஆங்கில வகுப்பில் இந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொண்டோம். வகுப்புக்கு வர வசதிப்படாத வீடுகளுக்காக அதை இங்கே எழுதுகிறோம்.

'ஃபேர்' என்றதும் மனத்தில் என்ன வருகிறது என்று முதலில் கேட்டோம். பிள்ளைகளும் தாய்மார்களும் ஒரே குரலில் சொன்ன பதில், "வெள்ளை." ஒரு வாப்பா மட்டும் "பஸ் டிக்கெட்" என்றார். அவருக்குப் பிறகு வருவோம். நமக்கு இந்தச் சொல்லைக் கற்றுக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, முகத்தில் பூசும் க்ரீம். 1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' நாற்பத்தைந்து ஆண்டுகள் அந்தப் பெயரிலேயே விற்றது. 2020-இல்தான் பெயரிலிருந்த 'ஃபேர்' எடுக்கப்பட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. டியூபில் பெயர் மாறிவிட்டது, நம் வாயில் மாறவில்லை.

ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதல் பொருள் நிறமே அல்ல. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இது ஏறத்தாழ 'ஃபேயர்' என்று ஒலித்தது. அழகானது, கண்ணுக்கு இனியது என்று பொருள். வெளிர்நிறம் என்ற பொருள் பிற்காலத்தில்தான் ஒட்டிக்கொண்டது. அப்போது அந்த நாட்டில் அழகு என்றாலே வெளிறிய நிறமும் பொன்னிறத் தலைமுடியும் என்று எண்ணும் வழக்கம் இருந்ததால், அழகைக் குறித்த சொல் நிறத்தையும் குறிக்கத் தொடங்கியது. அந்த நாட்டிலேயே எல்லோரும் அதை ஏற்கவில்லை. 1609-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் கவிதைத் தொகுப்பில், கறுத்த கண்ணும் கறுத்த கூந்தலும் உள்ள ஒரு பெண்ணைப் பற்றிய பாடல்கள் பல உண்டு. 'ஃபேர்' என்ற சொல்லின் இரண்டு பொருளையும் மோதவிட்டு விளையாடும் பாடல்கள் அவற்றில் இருக்கின்றன.

பிள்ளைகளுக்குத் தெரிந்த உதாரணம் ஸ்னோ ஒயிட் கதை. மாயக் கண்ணாடியிடம் ராணி கேட்பாளே, அந்தக் கேள்வியில் வரும் 'ஃபேரஸ்ட்' என்ற சொல்லுக்கு "யார் ரொம்ப வெள்ளை?" என்று ஒரு மாணவி அர்த்தம் சொன்னாள். கிரிம் சகோதரர்கள் 1812-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கதை அது. அங்கே ராணி கேட்பது யார் மிக அழகு என்றுதான். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களும் அழகு என்ற பொருளில்தான் 'ஃபேரஸ்ட்' போட்டார்கள். நம் பிள்ளைகளின் காதில் அது நிறமாக விழுகிறது.

இங்கே தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பொண்ணு நல்ல சிவப்பு" என்று நாம் சொல்வதை அப்படியே 'ரெட்' என்று பெயர்த்தால் வெள்ளைக்காரர் டாக்டரைத்தான் கூப்பிடுவார். மாநிறத்துக்கு நம் நாட்டு மணமக்கள் விளம்பரங்களில் எழுதும் 'வீட்டிஷ்' என்ற சொல்லும் இந்தியாவைத் தாண்டினால் அநேகமாகச் செல்லாது. கோதுமைக்கும் பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள்.

சரி, அழகு என்ற பொருள் நியாயத்துக்கு எப்படிப் போனது? இடையில் ஒரு படி இருக்கிறது. அழகானது என்றால் கறை இல்லாதது, அழுக்கு இல்லாதது. இந்தப் பொருளை நாம் சின்ன வயதிலிருந்து கையில் வைத்திருக்கிறோம். ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு! அடித்தல் திருத்தல் உள்ளது ரஃப். திருத்தி, சுத்தமாக எழுதியது ஃபேர். ஃபேர் நோட்டின் காகிதம் வெள்ளை என்பதாலா அந்தப் பெயர்? ரஃப் நோட்டின் காகிதமும் வெள்ளைதானே. இதே பொருள் மனிதரின் நடத்தைக்குப் போனபோது, கறை இல்லாத நடத்தை, ஒரு பக்கம் சாயாத நடத்தை, அதாவது நியாயம் ஆனது. இன்று ஆங்கிலத்தில் இந்தச் சொல் அதிகம் உழைப்பது இந்தப் பொருளில்தான். நமக்குப் பணமும் உரிமையும் சம்பந்தப்பட்ட காகிதங்களில் வருவதும் இதுவே.

மாதாமாதம் அரிசி வாங்கும் ரேஷன் கடைப் பலகையைப் பாருங்கள். தமிழில் 'நியாயவிலைக் கடை', ஆங்கிலத்தில் 'ஃபேர் பிரைஸ் ஷாப்'. தமிழே பக்கத்தில் நின்று பொருள் சொல்கிறது. சாலைக்கோ வேறு திட்டத்துக்கோ அரசு நிலம் எடுக்கும்போது பொருந்தும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர் 'ரைட் டு ஃபேர் காம்பென்சேஷன்' என்றே தொடங்குகிறது. நியாயமான இழப்பீட்டுக்கான உரிமை என்று அதற்குப் பொருள். 1894-இல் ஆங்கிலேயர் போட்ட நில எடுப்புச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது அது. பழைய வாடகை வழக்குக் காகிதம் வீட்டில் இருந்தால் அதில் 'ஃபேர் ரென்ட்' என்று பார்க்கலாம். 1960-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதிகாரி நிர்ணயிக்கும் நியாய வாடகை அது. அந்தச் சட்டம் போய் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது.

இப்போது அந்த எட்டாவது நிபந்தனை. வீட்டை எந்த நிலையில் வாங்கினாரோ அந்த நிலையிலேயே வாடகைதாரர் திருப்பித் தர வேண்டும் என்று தொடங்கி, கடைசியில் நான்கைந்து சொற்கள்: 'ஃபேர் வேர் அண்ட் டேர் எக்ஸெப்டட்'. வகுப்பில் ஒரு மாணவன் இதை "நல்ல உடை, கண்ணீர்" என்று பெயர்த்தான். சிரித்தோம், ஆனால் அவன் மேல் முழுத் தவறும் இல்லை. 'டேர்' என்ற கிழிசலும் 'டியர்' என்ற கண்ணீரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகள்தான். இந்த வரியின் பொருள், முறையாகப் புழங்கியதால் வரும் இயல்பான தேய்மானம் நீங்கலாக, என்பது. ஏழு வருடம் குடியிருந்தால் சுவரில் சாயம் மங்கும், சுவிட்ச் தளரும், தரையின் பளபளப்பு போகும், குழாய் வாஷர் தேயும். இவற்றுக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல. வாஷ்பேசினை உடைத்தால், கதவில் ஓட்டை போட்டால் பொறுப்பு.

வீட்டுக்காரர் எழுதித் தந்த கழிவுப் பட்டியலில் தரை, சுவிட்ச், குழாய், வாஷ்பேசின், பெயின்ட் எல்லாம் இருந்தன. அவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் அந்த வரி தெரியாது. தட்டச்சுக் கடையில் இருந்த மாதிரிப் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இருவரையும் உட்கார வைத்துப் பத்திரத்தை வரிவரியாகத் தமிழில் படித்தோம். வாஷ்பேசின் உண்மையிலேயே உடைந்திருந்தது, அதற்கு 3,500. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கலாம் என்று பத்திரத்தில் தனி நிபந்தனை இருந்ததால் அந்த 6,000 ரூபாயைக் கேட்க வழியில்லை. அது நமக்கும் வருத்தந்தான். மீதி 50,500 ரூபாய் பத்து நாளில் வந்து சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இனி, பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம். ரிப்போர்ட் கார்டில் ஆசிரியர் 'ஃபேர்' என்று எழுதியிருந்தால் இனிப்பு வாங்க வேண்டாம். 'எக்ஸலன்ட்', 'குட்' ஆகியவற்றுக்குக் கீழே, 'பூர்' என்பதற்கு மேலே இருப்பது அது. சுமார், பரவாயில்லை என்று பொருள். இதிலிருந்து வரும் 'ஃபேர்லி' இன்னும் தந்திரமானது. 'ஃபேர்லி ட்ரீட்டட்' என்றால் நியாயமாக நடத்தப்பட்டார். 'ஃபேர்லி குட்' என்றால் ஓரளவு நல்லது, அவ்வளவுதான். கல்லூரிக்கோ வேலைக்கோ தரும் பரிந்துரைக் கடிதத்தில் 'ஃபேர்லி குட் ஸ்டூடன்ட்' என்று இருந்தால், நமக்குப் பாராட்டு போலத் தெரியும், வாசிக்கும் அதிகாரிக்கு அரை மனத்துப் பாராட்டாகத் தெரியும். கொடுப்பவரிடம் மரியாதையாகக் கேட்டு மாற்றி வாங்கிக்கொள்வது நல்லது.

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஜெனரல் கண்டிஷன் ஃபேர்' என்று எழுதுவது வழக்கம். சவூதியில் இருக்கும் ஒரு பிள்ளை, வாட்ஸ்அப்பில் வந்த அந்தத் தாளைப் படித்து, வாப்பாவின் நிலை சுமார்தான், எல்லோரும் தன்னிடம் மறைக்கிறார்கள் என்று இரவெல்லாம் போன் செய்துகொண்டிருந்தார். அப்படி இல்லை. நோயாளி நினைவோடு இருக்கிறார், பொதுவான நிலை கவலைக்கிடமாக இல்லை என்பதே அந்த வழக்குச் சொல்லின் கருத்து. முழுக் குணம் என்றும் ஆகாது. அதை அடுத்தடுத்த வரிகளிலிருந்தும் மருத்துவரிடமிருந்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றவை சிறியவை. 'ஃபேர் வெதர்' என்றால் மழை காற்று இல்லாத நல்ல வானிலை. 'ஃபேர் வெதர் ஃப்ரெண்ட்' என்பவர் தண்ணீர் இருக்கும்வரை குளத்தில் இருக்கும் பறவை. 'எ ஃபேர் அமௌன்ட்' என்றால் கணிசமான அளவு. ஒருவர் சொல்வதை ஏற்றுக்கொள்ள, "நீங்க சொல்றதும் சரிதான்" என்கிற இடத்தில் 'ஃபேர் இனஃப்' என்பார்கள்.

பஸ் டிக்கெட் சொன்ன வாப்பா தவறு செய்யவில்லை. கட்டணத்தைக் குறிக்கும் 'ஃபேர்' ஒலியில் ஒன்று, எழுத்தில் வேறு. பயணம் போவதைக் குறித்த பழைய வினைச்சொல்லிலிருந்து வந்தது. புத்தகக் கண்காட்சியைச் சொல்லும் 'புக் ஃபேர்' எழுத்திலும் அதேதான், ஆனால் அது லத்தீனில் திருநாளைக் குறித்த சொல்லின் வழியாக வந்த வேறு குடும்பம். பெயர் ஒன்றாக இருப்பதால் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது.

உச்சரிப்பில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'பேர்' என்று சொன்னால் ஆங்கிலத்தில் அது ஜோடி ஆகிவிடும், தமிழில் நம் பெயராகிவிடும். மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டுக் காற்று வர வேண்டும். மக்தபில் உஸ்தாத் 'ஃபா' சொல்லிக் கொடுத்தபோது எப்படிச் சொன்னார்களோ, அதே இடம். வகுப்பில் இதைச் சொன்னதும் ஆறு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் படிவத்துக்கு வருவோம். அந்தப் பெண் உம்மாவுடன் அலுவலகத்துக்கு வந்தார். எம்.காம். படிக்கிறார். "எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க" என்றார் உம்மா. மகள் சொன்னது இது: "நான் மாநிறம். வந்து பார்த்துட்டு, ஃபேர்னு போட்டிருந்தீங்களேன்னு கேட்டா உம்மாதான் அழுவாங்க. போன தடவை அழுதாங்க."

அன்று மாலை பதிவேட்டைப் புரட்டினோம். பெண்பிள்ளைகளின் படிவங்களில் ஒன்று 'ஃபேர்', இல்லையென்றால் 'வீட்டிஷ்'. மாப்பிள்ளைகளின் படிவங்களில் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலி. அந்தக் கட்டத்தை அச்சடித்தது நாம்தான், உம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிர்வாகக் குழுவில் பேசி, புதிய படிவத்திலிருந்து 'நிறம்' என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். "எப்படியும் நேரில் பார்க்கத்தானே போகிறார்கள், எழுதினால் என்ன?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். எப்படியும் பார்க்கத்தானே போகிறார்கள், பிறகு எழுதுவானேன் என்று சொன்னோம். சற்று யோசித்து, "ஃபேர் இனஃப்" என்றார். அவரும் வகுப்புக்கு வருகிறவர்.

பழைய படிவம் கொடுத்திருப்பவர்கள் அலுவலகத்தில் மாற்றி எழுதித் தரலாம். வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் வகுப்பு உண்டு, இன்ஷா அல்லாஹ். வாடகைப் பத்திரம், பள்ளி நோட்டீஸ், டிஸ்சார்ஜ் சம்மரி என வீட்டில் புரியாமல் கிடக்கும் ஆங்கிலக் காகிதம் எதுவானாலும் கொண்டு வாருங்கள். அடுத்த சொல் 'ஃபைன்'.