பிழையைக் குறைக்கும் கணக்கு: பைடார்ச்சில் முதல் பாடம்



சென்ற மாதம் டேனரியில் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ஏஐ பயிற்சி தர ஓரிடத்தில் அறுபதாயிரம் ரூபாய் கேட்கிறார்களாம். பாதியை அறக்கட்டளை கொடுத்தால், மீதிக்கு நகையை அடகு வைப்பேன் என்றார். பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் மூன்று வாரமும் 'ஆட்டோமேட்டிக் டிஃபரன்சியேஷன்'. பெயர்தான் பயமுறுத்துகிறது. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியில் கணிதம் படித்தவன் என்பதால் எனக்கு அது பழைய சங்கதி. பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வகைக்கெழுவும் சங்கிலி விதியும்தான். கணக்கைப் போடுவது மட்டும் கம்ப்யூட்டர்.

கனமான மாட்டுத் தோல் 2 கிலோவுக்கு 10 சதுர அடி வந்தது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு எத்தனை அடி? ஐந்து என்று உடனே சொல்லிவிடுவீர்கள். கம்ப்யூட்டர் ஊகித்துத்தான் தொடங்கும். 4 என்று ஊகித்தால் 8 அடி வரும், 2 குறைகிறது. அதன் வர்க்கமான 4தான் பிழை. ஊகத்தைக் கூட்டுவதா, குறைப்பதா என்று வகைக்கெழு சொல்லும். ஊகத்தை 'வ' என்றால் பிழை (2வ − 10)². வகைக்கெழு 4(2வ − 10). வ = 4 எனில் −8. கழித்தல் குறி வந்ததால் ஊகத்தைக் கூட்ட வேண்டும். அந்த எட்டில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் 4.8. பிழை 0.16 ஆகிவிட்டது. மறுபடி செய்தால் 4.96.

ஒரே எண் என்பதால் கையால் போட்டோம். ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் உருவாக்கும் மொழிபெயர்ப்பு மாதிரிகளில் இப்படிக் கோடிக்கணக்கான எண்கள். அதற்குத்தான் பைடார்ச் போன்ற நிரல் நூலகங்கள். ஒவ்வொரு கூட்டலையும் பெருக்கலையும் பேரேட்டில் ஏற்றுவதுபோல் அது குறித்துக்கொள்ளும். பிறகு கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குத் திரும்பி, சங்கிலி விதிப்படி பெருக்கிக்கொண்டே வரும். ஒரே தடவை திரும்பினால் எல்லா எண்களுக்கும் விடை கிடைத்துவிடும். இந்தப் பின்னோக்கு முறையை 1970இல் ஹெல்சிங்கியில் செப்போ லின்னைன்மா என்ற மாணவர் தம் முதுகலை ஆய்வேட்டில் எழுதினார்.

செய்து பார்க்கப் பணம் வேண்டாம். கூகுள் கோலாபில் பைடார்ச் ஏற்கெனவே இருக்கிறது, போனிலேயே திறக்கலாம். 'டார்ச்'சை இம்போர்ட் செய்து, ஊகத்தை டென்சராக எழுதி, 'ரிக்வயர்ஸ் கிராட்' என்பதை ட்ரூ ஆக்குங்கள். வெறும் 4 என்று எழுதினால் ஏற்காது, 4.0 என்று எழுத வேண்டும். பிழையின் சூத்திரத்தை எழுதி 'பேக்வர்ட்' கொடுத்தால், ஊகத்தின் 'கிராட்'டில் −8 நிற்கும். ஊகத்தைத் திருத்தும் வரியை மட்டும் 'நோ கிராட்'டுக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தத் திருத்தமும் பேரேட்டில் ஏறிக் குழப்பும்.

மக்ரிபுக்குப் பிறகு நடக்கும் வகுப்பில் நான் இதைச் செய்து காட்டியபோது, இரண்டாம் சுற்றில் பிழை குறையாமல் ஏறியது. −1.6 வர வேண்டிய இடத்தில் −9.6. மென்பொருள் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அந்தச் சகோதரரின் மகள் தாளில் கையால் போட்டு வைத்திருந்ததால் கண்டுபிடித்தார்: பைடார்ச் பழைய −8ஐ அழிக்காமல் அதன்மேல் புதியதைக் கூட்டியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 'கிராட்'டைப் பூஜ்யமாக்க வேண்டும்.

அவருக்கு அறுபதாயிரம் கொடுக்கவில்லை. ஐஐடி மெட்ராஸில் மிதேஷ் கப்ரா நடத்திய டீப் லேர்னிங் வகுப்புகள் என்பிடெல் தளத்தில் இலவசமாக உள்ளன. அதைப் பார்க்கச் சொன்னோம். சான்றிதழுக்குத் தேர்வெழுத விரும்பினால் அந்தக் கட்டணத்தை அறக்கட்டளை கட்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடுதான். ஆனால் கீழ்க்கண்ட கணக்கைக் கையாலும் போனிலும் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

2 கிலோவுக்கு 10 அடி, 3 கிலோவுக்கு 16 அடி. இரண்டு பிழைகளின் வர்க்கங்களையும் கூட்டி, 4.0இல் தொடங்குங்கள். முன்போலவே பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பிறகு நூறில் ஒரு பங்காக்குங்கள். விடை 5.23க்கு அருகில் வந்து நிற்க வேண்டும்.