ஏரி காக்க நகரத்தோடு மோதியவர்கள்

கேள்வி: பெரிய நகரம் ஒரு ஏரியின் நீரை எடுக்கும்போது, சாதாரண மக்கள் குரல் கொடுத்து ஏதாவது மாறியதுண்டா?

பதில்: உண்டு. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியைச் சொல்லலாம்.

இந்த உப்பு ஏரிக்கு வரும் மலை ஓடைகளை 1941 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் திருப்பிக்கொண்டது. நாற்பதே ஆண்டுகளில் நீர்மட்டம் சுமார் 45 அடி இறங்கியது, உப்புச் செறிவு இரட்டிப்பானது. கடற்காகங்கள் முட்டையிடும் நெகிட் தீவு கரையோடு ஒட்டிக்கொள்ள, நரி போன்ற கயோட்டிகள் நடந்தே வேட்டைக்கு வந்துவிட்டன.

முதலில் களம் இறங்கியவர்கள் மாணவர்கள். 1976இல் ஏரியை ஆய்வு செய்த அந்தக் குழுவிலிருந்த டேவிட் கெய்ன்ஸ் 1978இல் மோனோ ஏரிக் குழுவைத் தொடங்கினார். வழக்கு நடந்தது. ஏரி பொதுமக்களுக்காக அரசு பாதுகாக்கவேண்டிய சொத்து, அதையும் கணக்கில் கொண்டே நீர் உரிமை தரவேண்டும் என்று 1983இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994இல் மாநில நீர் வாரியம், ஏரி கடல்மட்டத்திலிருந்து 6,392 அடி மட்டத்துக்கு உயர வழிசெய்து, நகரம் எடுக்கும் நீருக்கு வரம்பு கட்டியது.

இதில் சுவாரஸ்யம் வேறிடத்தில் இருக்கிறது. ‘எடுக்காதே’ என்பதோடு குழுவினர் நிற்கவில்லை. நகரத்துக்கு மாற்று நீரும் தேடினார்கள். நீர் மறுசுழற்சிக்கு அரசு நிதி கேட்டார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் தாய்மார்களின் அமைப்பு, குறைந்த நீரில் இயங்கும் கழிப்பறைகளை இலவசமாகவே விநியோகித்தது. 1970ஐவிட மக்கள்தொகை சுமார் 10 லட்சம் கூடியும் நகரத்தின் நீர்ச்செலவு கூடவில்லை.

வெற்றி முழுமையல்ல. ஏரி அந்த மட்டத்தை இன்னும் எட்டவில்லை. குழுவும் கடையைக் கட்டவில்லை.