தரை ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கும் பிள்ளைக்கு

கண்ணு, நர்சரியிலிருந்து ஊதாப் பூவோடு ஒரு தரை ஆர்க்கிட் வாங்கி வந்திருக்கிறாய், எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டிருந்தாய். படத்தைப் பார்த்தேன். ஸ்பாத்தோகுளோட்டிஸ் பிலிகேட்டாதான், சந்தேகமே இல்லை. நம் மலேசிய மண்ணிலேயே பிறந்த செடி. முதல் செடியாக இதைவிட நல்லது உனக்கு அமையாது. பெரியவர்களிடம் ஒன்று கேட்டால் பத்துப் பதில் வரும். பெரியம்மாவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

1. பெயரைக் கேட்டு மிரளாதே. ஆர்க்கிட் என்றதுமே பணக்கார வீட்டு வரவேற்பறையும் கண்ணாடிக் கூடாரமும் நினைவுக்கு வருகின்றன. இது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பார். சாலை போட வெட்டிய செம்மண் சரிவில், லாலான் புல்லுக்கு நடுவே, யாரும் தண்ணீர் ஊற்றாமல் நின்று பூத்துக்கொண்டிருக்கும். ஜாவாவில் கண்ட செடிக்கு புளூமே என்ற தாவரவியலாளர் 1825இல் இந்தப் பெயரை வைத்தார். அதே ஜாவாவுக்குப் பக்கத்தில் கிரகத்தோவா எரிமலை 1883இல் வெடித்துத் தீவே சாம்பலாகிப் போனது. இருபது ஆண்டு நிறைவதற்குள் அந்தச் சாம்பலில் வந்து குடியேறியவற்றில் இதுவும் ஒன்று. மண் சரிந்த இடம், எரிந்த இடம், வெட்டிப் போட்ட இடம் என்றால் முதலில் வந்து உட்காரும் ஜாதி இது. இதற்குப் போய் மெத்தை விரிக்க வேண்டாம். இனி நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்து வருவதுதான்.

2. சட்டி வாங்கும் முன் வெயிலைப் பார். ஒரு நாள் முழுக்க வீட்டைச் சுற்றி வந்து, காலை வெயில் எங்கே விழுகிறது, எத்தனை மணிக்கு நகர்கிறது என்று பார்த்து வை. தினமும் அரை நாள் வெயிலாவது இதற்கு வேண்டும். தோட்டத்து லயத்தில் எங்கள் அத்தை ஒருத்தி இதை ரம்புத்தான் மரத்தடியில் வைத்து ராஜகுமாரியைப் போல வளர்த்தாள். இலை இடுப்புயரம் வந்தது, கரும்பச்சையாக மின்னியது, வருகிறவர்களெல்லாம் தடவிப் பார்த்தார்கள். பூ மட்டும் இல்லை. துணி காயப்போடும் இடத்துக்கு மாற்று என்று யாரோ சொன்னார்கள். மாற்றியதும் இலை குட்டையாகி வெளிறியது, அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் வந்த பூந்தண்டு அடுத்தடுத்து மொட்டு விட்டு வாரக்கணக்கில் பூத்தது. நீ மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதே. நிழலில் இருந்த இலை திடீர் வெயிலில் வெந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்து.

3. மண்ணில் கஞ்சத்தனமும் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். பழைய ஆட்கள் செம்மண்ணை விறகோடு சேர்த்துச் சுட்டு, ஆறவைத்து, சல்லடையில் சலித்து வைத்திருப்பார்கள். கிடைத்தால் அதற்கு ஈடு எதுவுமில்லை. கிடைக்காவிட்டால் தோட்ட மண், பருமணல், மட்கிய இலை, கையால் உடைத்த அடுப்புக்கரி ஆகியவற்றைக் கலந்துகொள். ஊற்றிய தண்ணீர் மேலே தேங்காமல் உடனே கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. நடும்போது கிழங்கின் மேல்பாதி வெளியே தெரியட்டும். கழுத்துவரை புதைத்தால் அழுகும்.

4. பாசத்தை எல்லாம் தண்ணீராக ஊற்றாதே. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சாயங்காலமானால் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு செடிகளிடம் நிற்பார். பேச்சுத்துணை இல்லாத மனிதர், பாவம். செடிக்குத் தாகமா இல்லையா என்று அவர் பார்த்ததில்லை. தன் மனம் ஆறும்வரை ஊற்றுவார். இந்தச் செடியின் இலையைக் கவனித்திருப்பாய், தென்னங்கன்றின் இலை மாதிரி நீளவாக்கில் மடிப்பு மடிப்பாக இருக்கும். மேலே விழும் தண்ணீரெல்லாம் அந்த மடிப்பில் ஓடி, நேராக இளங்குருத்தின் நடுவில் போய் நிற்கும். காலையில் ஊற்றினால் வெயில் அதை உலர்த்திவிடும். மாலையில் ஊற்றினால் ராத்திரி முழுக்கக் குருத்து ஊறிக் கிடக்கும். ஒருநாள் அவர் குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார், கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பு நிறக் கூழ், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். ஆகவே காலையில் ஊற்று, வேர்ப்பக்கம் ஊற்று, மண்ணில் விரலை விட்டுப் பார்த்த பிறகு ஊற்று. நம் ஊரில் மழை பெய்யாத வாரம் எத்தனை? பல நாள் உனக்கு வேலையே இருக்காது. அப்போது உன் மனக்குறைக்கு வேறு வழி தேடிக்கொள். தொலைபேசி எடுத்துப் பெரியம்மாவைக் கூப்பிடலாமே.

5. உரம் குறைவாக, அடிக்கடி. மட்கிய சாணம் ஒரு கைப்பிடி, அல்லது கடை உரத்தைப் பாக்கெட்டில் சொன்னதில் பாதியாகக் கரைத்து. அதிகம் போட்டால் இலை பெருக்கும். இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

6. எறும்பைக் கண்டதும் மருந்தை எடுக்காதே. மொட்டு விடும்போது பூந்தண்டில் எறும்பு ஏறும். நீ பயந்துபோய்க் கடைக்கு ஓடுவாய். முதலில் குனிந்து பார். இந்தச் செடி பூங்கொத்தின் வெளிப்பக்கத்திலேயே இனிப்பாகக் கொஞ்சம் கசியவிடும். எறும்பு அதற்காக வந்திருந்தால் வந்துவிட்டுப் போகட்டும். மொட்டின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. அப்போதும் விஷம் வேண்டாம். பழைய பல் துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிடு, மறுவாரமும் அதேபோல் துடை. பார்ப்பதற்கு முன் தண்டிக்கிற பழக்கம் செடியோடு நிற்காது, கண்ணு. பிள்ளைகளிடம் வரும், வேலைக்காரர்களிடம் வரும்.

7. பிரிக்கும் காலம் வந்தால் தயங்காதே. இரண்டு மூன்று ஆண்டில் சட்டி நிறையக் கிழங்கு நெருங்கி, பூ சிறுத்துப்போகும். செடி உன்னிடம் இடம் கேட்கிறது என்று பொருள். பூத்து ஓய்ந்து, புதுக்குருத்து தலைகாட்டும் சமயமாகப் பார்த்துக்கொள். சட்டியைக் கவிழ்த்துத் தட்டி, மண்ணை உதறி, வேரைக் கழுவி, ஒரு பழைய செய்தித்தாளில் கிடத்து. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இரு. கிழங்குகள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஒரு முனையில் இலையுள்ள இளசு, மறுமுனையில் இலை உதிர்ந்து சுருங்கிய கிழடு. ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் அரிசிமுனை அளவுக்கு வெளுப்பாக ஒரு மொட்டு தெரியும். அதுதான் கண். அதில் கத்தி படக்கூடாது. மூன்று கிழங்குக்கு ஒரு பங்கு என்று கணக்கு வைத்து, நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தியால் இரண்டுக்கும் நடுவிலுள்ள கட்டையான இணைப்பை ஒரே வெட்டாக வெட்டு. அறுத்து அறுத்து இழுக்காதே. வெட்டுவாயில் கரித்தூளைத் தடவி, ஒரு நாள் நிழலில் காயவிட்டு நடு.

ஒற்றை ஒற்றையாகப் பிரித்தால் நிறைய செடி கிடைக்குமே என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. அத்தனையும் பிழைத்தன, ஆனால் வெகுகாலம் ஒன்றுகூடப் பூக்கவில்லை. சேர்ந்திருக்கும் கிழங்குகள் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொள்ளும்.

அந்த இலையில்லாத கிழடுகளைக் குப்பையில் போட்டுவிடாதே. ஈரமணல் தட்டில், நிழலில், பாதி புதைத்து வை. சில வாரத்தில் கண் விழித்துப் பச்சைமுனை நீட்டும். வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளைப் பற்றியும் இதையே சொல்லலாம் என்று உன் பெரியப்பா கேலி செய்வார்.

8. விதையிடம் அவசரம் செல்லாது. பூ வாடியபின் பச்சைக் காய் தொங்கும். இந்த இனத்தில் பல செடிகள் தேனீ வராமலேயே தானாகக் காய்த்துவிடும். ஒரு மாதத்துக்குச் சற்று மேலே போனால் காய் வெடித்து, மாவுபோல் விதை பறக்கும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு விதையும் கட்டுச்சோறு இல்லாமல் புறப்பட்ட பயணி. நெல்லுக்குள் இருப்பதுபோல் முளைக்கு ஊட்ட உள்ளே எதுவும் இல்லை. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். பிரான்ஸில் நோயல் பெர்னார் 1899இல் இதைக் கண்டுபிடித்தார். பூஞ்சை இல்லாமலேயே சர்க்கரை கலந்த கூழில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் எரிக் ஹோல்ட்டம் அந்த முறையைக் கையிலெடுத்து 1928இல் கலப்பினப் பணியைத் தொடங்கினார். மஞ்சள் பூ ஸ்பாத்தோகுளோட்டிஸையும் நம் ஊதாவையும் சேர்த்துப் பார்த்தது அங்கேதான். இன்று நர்சரியில் நீ பார்க்கும் மஞ்சளும் வெளிர் ரோஜாவும் அந்த வழியில் வந்தவை.

குடுவையும் கூழும் உனக்கு இப்போது வேண்டாம். காய் மஞ்சளிக்கும்போது பறித்து, தாய்ச்செடி நிற்கும் அதே சட்டியில், பாசி படர்ந்த மேல்மண்ணில் தட்டிவிடு. தாயின் வேரோடு பூஞ்சை அங்கே ஏற்கெனவே குடியிருக்கும். பிறகு அந்த மண்ணைக் கிளறாதே. என்ன ஆயிற்று என்று தோண்டித் தோண்டிப் பார்க்கிறவனுக்கு எந்த விதையும் முளைக்காது. முளைத்தால் புல்லோ என்று நினைத்துப் பிடுங்கிவிடுவாய், அதனால் மடிப்புள்ள சின்ன இலையா என்று பார்த்துக் களையெடு. முளைத்ததிலிருந்து பூவரை ஓரிரண்டு ஆண்டு ஆகும். ஆர்க்கிட் குடும்பத்தில் இது ஓட்டம். ஐந்தாறு ஆண்டு காக்க வைப்பவை எத்தனையோ உண்டு. கலப்பினச் செடியின் விதை தாயைப் போலவே பூக்கும் என்றும் எதிர்பார்க்காதே. அதே பூ வேண்டுமென்றால் கிழங்கைப் பிரிப்பதுதான் வழி. காய் வேண்டாமென்றால் பிஞ்சிலேயே கிள்ளிவிடு, பலம் கிழங்குக்குப் போகும்.

9. காட்டிலிருந்து பிடுங்காதே, காட்டில் கொண்டு கொட்டவும் செய்யாதே. மலைச்சாலையில் பார்த்ததும் காரை நிறுத்தி ஒரு வேர் தோண்டலாமே என்று தோன்றும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது. அது நாடுவிட்டு நாடு போகும் வணிகத்துக்கான சட்டம். சட்டம் எட்டாத இடத்தில் உன் கை தானாக அடங்க வேண்டும். காட்டு ஆர்க்கிட்டுகள் பலவும் தம் பூஞ்சையைவிட்டுப் பிரிந்தால் வீட்டில் பிழைக்காது. நர்சரியில் சில வெள்ளிக்கு இதே செடி கிடைக்கும்போது எதற்கு அந்தப் பாவம்? மறுபக்கமும் உண்டு. இந்தச் செடி ஹவாய்க்கும் புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் தோட்டச் செடியாகப் போய், வேலி தாண்டிக் காட்டில் பரவிவிட்டது. நாளைக்கு நீ வேறு நாட்டுக்கு வேலைக்குப் போனாலும் இதை நினைவில் வை.

10. கேட்டவருக்குக் கொடு, நல்லதாகக் கொடு. பிரித்ததில் சொத்தையை அடுத்த வீட்டுக்கும் கொழுத்ததைத் தனக்கும் வைத்துக்கொள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வறட்சியிலோ ஒரு நோயிலோ அவர்கள் செடி போனபோது, திரும்பக் கேட்க அவர்களுக்கு ஒரு வாசலும் இருக்கவில்லை. என்னுடையது ஒருமுறை வெள்ளத்தில் போனது. நான் கொடுத்த வீட்டிலிருந்துதான் திரும்பி வந்தது. இப்போது முன்வாசலில் நிற்பது அதுதான்.

என்னிடம் வெள்ளைப் பூ வகை ஒன்று இருக்கிறது, நர்சரியில் எளிதில் கிடைக்காது. புதுக்குருத்து கிளம்பியிருக்கிறது, உனக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடு. வரும்போது அடியில் ஓட்டையுள்ள சட்டியாகப் பார்த்துக் கொண்டு வா.