மேப்பிளை ஊட்டிக்கு அனுப்பிவிடு

காங்கயம்,
மாசி 10.

அன்புள்ள அம்முணிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பென்சில் பருமன்கூட இல்லாத ஜப்பானிய மேப்பிள் கன்று. அதைச் சோப்பு டப்பா ஆழமே உள்ள பீங்கான் தட்டில் நட்டு, அலுமினியக் கம்பியும் சுற்றிவிட்டாய். கீழே ஒரு கேள்வி: "சார், சின்னதாவே இருக்கணும்னா தண்ணியை எவ்வளவு குறைக்கணும்?" இரண்டு நாளாக அந்தக் கேள்வி செருப்பில் ஏறிய முள் மாதிரி உறுத்துகிறது. தாவரவியல் முதுகலை படிக்கிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? ஒளிச்சேர்க்கையைப் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. பட்டினி போட்டால் போன்சாய் வரும் என்று யார் சொன்னது, அதை மட்டும் சொல்.

பட்டினி போட்டால் கன்று சாகும், அவ்வளவுதான். போன்சாய் என்று நாம் வாய்பிளந்து பார்க்கிற மரத்தில் கண்ணை இழுப்பது அடிமரம். கீழே பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, ஊரின் எல்லையில் நிற்கிற பெரிய மரம் தூரத்தில் தெரிவதுபோல் தெரிய வேண்டும். அந்தப் பருமனை இலைகள் அனுப்பும் உணவு கொடுக்கிறது. இலை நிறைய இருந்தால் அடி பருக்கும். கன்றைத் தட்டில் அடைத்து, துளிரையும் கிள்ளிக்கொண்டிருந்தால் பத்து வருஷம் கழித்தும் அதே பென்சில்தான் நிற்கும். தட்டு கடைசிப் படி அம்முணி, நீ அங்கிருந்து தொடங்கியிருக்கிறாய்.

முறையாகச் செய்கிறவர்கள் கன்றை முதலில் தரையில் வைப்பார்கள். வேருக்கு அடியில் ஒரு தட்டை ஓடு வைத்து, அதன்மேல் வேர்களை நாலா பக்கமும் விரித்து நடுவார்கள். ஆணிவேர் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவேர்கள் தடித்து, கோழிக்கால் மாதிரி மண்ணைப் பற்றும். நாலைந்து வருஷம் தாராளமாக வளர விடுவார்கள். அடியில் ஒரு கிளையை, பின்னால் வெட்டி எறிவதற்கென்றே, தொடாமல் ஓட விடுவதும் உண்டு. அது ஆளுயரம் போகும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் கீழே இருக்கிற அடிமரத்தைப் பருக்கச் செய்வது அதுதான். அடி போதுமான அளவு தடித்ததும் மேலே அறுத்துவிட்டு, புதுத் துளிரொன்றைத் தலைவனாக்கி மறுபடி வளர விடுவார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால்தான் அந்தச் சரிவு வரும். மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிராக வரும் என்பது உனக்குத் தெரியும். ஒரே கணுவில் நாலு கிளையை விட்டால் அந்த இடம் முழங்கால் வீங்கின மாதிரி ஆகிவிடும், இரண்டோடு நிறுத்த வேண்டும். கம்பியை இன்றைக்கே எடுத்துவிடு. சுற்றிப் பிரிக்காதே, துண்டு துண்டாக வெட்டி எடு. மேப்பிள் பட்டை மெல்லியது, கம்பி பதிந்த தழும்பு லேசில் போகாது.

இத்தனையும் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. உன் வடவள்ளி வீட்டு மொட்டை மாடியில் இதொன்றும் நடக்காது.

இந்த மரத்துக்குத் தூக்கம் வேண்டும். 7 டிகிரிக்கும் கீழான குளிர் பல வாரம் கிடைத்தால்தான் அதன் மொட்டு அடுத்த வசந்தத்துக்குச் சரியாக விழிக்கும். கோயம்புத்தூரில் தை மாத அதிகாலையில்கூட 15 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்குகிறது. பகல் நீளத்தையும் கணக்குப் பார். டோக்கியோவில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம். நமக்கு ஒன்றேகால் மணி நேரம். இலை சிவக்கிற காலம் வந்துவிட்டதென்று அந்த மரத்துக்கு எது சொல்லும்? போதாததற்கு ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று இலை ஓரத்தையெல்லாம் தீய்த்துவிடும். ஆழ்குழாய் உப்புத்தண்ணீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

நானும் பட்டவன்தான். ஒரு நர்சரியில் இரண்டு மேப்பிள் கன்று வாங்கி, மூங்கில் தட்டி மறைப்பில், மழைத்தண்ணீர் சேமித்து ஊற்றி வளர்த்தேன். மார்கழியில் தூங்க வேண்டிய கன்று துளிர்த்தது. நான் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். இரண்டாவது சித்திரையில் இரண்டும் போய்விட்டன. (நீயாவது கன்று வாங்கினாய். நீல மேப்பிள் விதை என்று பொட்டலம் வாங்கி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். நீல இலை மேப்பிள் உலகத்திலேயே கிடையாது.)

மரத்துக்கு ஏற்ற இடம் பார்ப்பதில் ஜப்பானியர் தெளிவானவர்கள். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவிலிருந்த போன்சாய்க்காரர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடி ஓமியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1925-இல் அங்கே அவர்களுக்கென்றே ஒரு கிராமம் உருவானது. மரத்துக்காக மனிதன் வீட்டை மாற்றினான். அவர்களுடைய 'நோ' எனும் மரபு நாடகங்களில் 'ஹாச்சி நோ கி' என்று ஒன்று. பனி கொட்டுகிற இரவு. நொடித்துப்போன ஒரு வீரன், தங்க இடம் கேட்டு வந்த துறவி குளிர்காய்வதற்காகத் தன் தொட்டி மரங்களை வெட்டி எரிக்கிறான். பிளம், செர்ரி, பைன் என்று மூன்று. மொழிபெயர்ப்பில் அதைப் படித்தபோது வீரனின் தியாகத்தைவிட எனக்கு அந்தப் பட்டியல்தான் மனதில் நின்றது. மூன்றுமே அந்தப் பனியைத் தாங்கி வளர்கிற மரங்கள்.

அப்படியானால் நம் மண்ணில் என்ன? ஆல், இச்சி, புளி என்று எல்லாரும் சொல்வார்கள். தப்பில்லை. என் ஓட்டு கிளுவைக்குத்தான். கிறுக்கு என்று நினைத்தாலும் பரவாயில்லை.

காங்கயத்திலிருந்து வெள்ளகோவில், மூலனூர் வரைக்கும் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி உயிர்வேலியாக நிற்கிறதே, அந்த முள்கிளுவைதான். வெள்ளைப்போளம் தருகிற மரத்துக்கு இது பங்காளி. இலை மூன்று மூன்று சிற்றிலையாக, சிறிதாக இருக்கும். பட்டை காகிதம்போல் உரியும், உள்ளே பச்சை தெரியும். கிளையை ஒடித்தால் வாசம் வரும். போத்து வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து மழைக்கு முன்னால் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கும் இலையுதிர் காலம் உண்டு! நம் குளிரில் உதிர்க்காது, நம் வறட்சியில் உதிர்க்கும். இப்போது என் ஜன்னலுக்கு வெளியே ஓர் இலைகூட இல்லாமல் நிற்கிறது. ஒரு நல்ல மழை பெய்தால் போதும், சில நாளில் வேலி முழுக்கப் பச்சைப் புள்ளி வைத்துவிடும். மேப்பிளிடம் நீ தேடுகிற அந்த நாடகம் இங்கே சும்மாவே நடக்கிறது. சிவப்பு மட்டும் கிடைக்காது.

இன்னொன்று. பழைய வேலிக் கிளுவை, ஆடு மேய்ந்து, அரிவாள் கழித்து, மறுபடி துளிர்த்து, ஐம்பது அறுபது வருஷமாக யாரோ போன்சாய் வேலை பார்த்து வைத்த மாதிரியே இருக்கும். முழங்கால் உயரத்தில் தொடை பருமனுக்கு அடி. ஜப்பானில் மலையில் தேடி இப்படிப்பட்ட கட்டைகளை எடுப்பதற்கு யமடோரி என்று தனிப் பெயரே இருக்கிறது. இங்கே கம்பிவேலி போடுவதற்காக ஜேசிபி விட்டுப் பிடுங்கி ரோட்டோரம் எறிகிறார்கள். அப்படி எறிந்ததில் ஒன்றைத் தோட்டக்காரரிடம் கேட்டு எடுத்து வந்தேன். செங்கல் ஜல்லியும் சரளை மண்ணும் பாதிப்பாதி கலந்த பழைய சிமெண்டுத் தொட்டியில் மூன்றாவது வருஷமாக இருக்கிறது. இலையில்லாத இந்த மாதங்களில் அதற்குத் தண்ணீரைக் குறைத்துத்தான் ஊற்றுகிறேன். உன் கேள்விக்கு ஒரே இடத்தில் சரியான பதில் இதுதான்.

உன் மேப்பிளைப் பங்குனி வெயிலுக்கு முன்னால் ஊட்டியில் இருக்கும் உன் மாமாவிடம் கொடுத்துவிடு. அங்கும் பகல் நீளம் இதேதான், குளிராவது கிடைக்கும். ஓட்டின்மேல் தரையில் நட்டு, நாலு வருஷம் யாரும் கத்தரிக்கோலோடு பக்கத்தில் போகாமல் இருக்கட்டும். பிழைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், மொட்டை மாடியைவிட வாய்ப்பு அதிகம்.

பக்கத்துத் தோட்டத்தில் வேலி கழிக்கிறார்கள், கட்டை இரண்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வா. ரம்பம் என்னிடம் இருக்கிறது. தோல் கையுறை மட்டும் கொண்டு வா, கிளுவை முள் குத்தினால் இரண்டு நாளைக்குக் கடுக்கும்.

அன்புடன்,
உன் சார்