அந்தத் தாய் என்ன சொன்னாள்?

அன்புள்ள தம்பி,

நேபாள மலைப்பகுதியான டோல்போவின் பிள்ளைகளைப் பற்றிய உன் ஆவணப்படத்தை நேற்றிரவு பார்த்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சட்டகம், ஒளி பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேரே அந்த வீட்டு வாசல் காட்சிக்கு வருகிறேன். 4 வயதில் காத்மாண்டு விடுதிப் பள்ளிக்குப் போன பையன், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு 16 வயதில் திரும்புகிறான். நேபாள்கஞ்ச் வந்து, சின்ன விமானத்தில் ஜூபால் இறங்கி, போக்சுண்டோ ஏரியைக் கடந்து, கணவாய் ஏறி, நடந்தே ஊர் சேர்கிறான். அம்மா அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறாள், நீளமாகவே சொல்கிறாள். நீ புல்லாங்குழலை ஏற்றிவிட்டாய். உதடு அசைவது தெரிகிறது, குரல் இல்லை. கீழே எழுத்தும் போடவில்லை. 12 வருஷம் அவள் மனதில் சேர்த்து வைத்த பேச்சு அது, தம்பி. அதை மூட உனக்கு யார் உரிமை கொடுத்தது?

பையன் மட்டும் படம் முழுக்கப் பேசுகிறான். தன்னை ஏன் அனுப்பினார்கள் என்று கேமராவைப் பார்த்து நேபாளியில் கேட்கிறான். பதில் அவளிடம்தான் இருக்கிறது. 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போரில், பிள்ளையைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்ற பயத்திலேயே ஹும்லா போன்ற மலை மாவட்டங்களில் பல வீடுகள் பிள்ளைகளைக் கீழே அனுப்பின. பள்ளியில் சேர்ப்பதாகப் பணம் வாங்கிக்கொண்டு, காத்மாண்டுவில் அந்தப் பிள்ளைகளைக் கைவிட்ட தரகர்களும் இருந்தார்கள். போர் முடிந்த பிறகும், பனி விழுந்தால் வாத்தியார் இறங்கிப் போய்விடுகிற ஊரில் ஒரு தாய் வேறென்ன செய்வாள்? இதையெல்லாம் அவள் வாயால் கேட்டிருக்கலாம். உன் படத்தைப் பார்க்கிறவனுக்கு அவள் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவளாகத்தான் தெரிவாள்.

மலை என்றால் புல்லாங்குழல், அழுகை என்றால் வயலின் என்ற வழக்கத்தின் மேல் எனக்கு நெடுநாள் பகை. களத்தில் பதிந்த ஒலிக்கு மேல் ஆவணப்படத்தில் வேறு இசை வேண்டாம் என்பது என் கட்சி. அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. 2018-இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் தி ஸ்னோ லேண்ட்’ படத்தில் இதே போன்ற பயணத்தைப் பதிவுசெய்யப் பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். யார் கதையோ அவர்களிடம் கருவியைக் கொடுத்த அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். நீயோ கதைக்காரியின் குரலையே எடுத்துவிட்டாய்.

நான் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டித் திரிந்த காலத்தில் 16 மி.மீ. படச்சுருள்தான். 400 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒளிப்பதிவாளர் கறுப்புப் பைக்குள் கைவிட்டுச் சுருள் மாற்றும்போது நான் மட்டும் பதிவை நிறுத்த மாட்டேன். கேமரா ஓய்ந்ததும் ஆட்கள் இயல்பாகப் பேசுவார்கள். ஸ்பிதி பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில், விடுதியிலிருந்து வந்த பையனிடம் அம்மா அப்படித்தான் கேட்டாள்: “ராத்திரியில் உனக்கு யார் போர்த்திவிட்டார்கள்?” அவன் பதில் சொல்லவில்லை. அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் பதிவானது. படத்தொகுப்பில் அந்த ஒலியை வெற்றுச் சுவரின் மேல் வைத்தோம். அந்தப் படத்தில் இன்றைக்கும் நான் மதிக்கிற இடம் அது ஒன்றுதான்.

இனி உன் யார்சாகும்பா காட்சிக்கு வருகிறேன். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற மாதங்களும், சீன மருந்துக்காக அந்தப் புழுப்பூஞ்சையைத் தேடி ஊரே மேலேறுகிற மே, ஜூன் மாதங்களும் ஒன்றாக வருவதைக் கவனித்தாயே, அங்கே நீ பெரிய ஆள். சரிவில் அண்ணனும் தம்பியும் தவழ்கிறார்கள். அண்ணன் ஊரைவிட்டுப் போன பிறகு பிறந்த தம்பி. அந்த வீட்டின் வருஷச் செலவுக்கான காசு புல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. படித்தவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சின்னவன் அண்ணனின் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைக்கிறான். எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது எனக்கு. பிரிவைப் பற்றியும் சேர்வதைப் பற்றியும் இதைவிட உண்மையான காட்சியை நான் பார்த்த நினைவில்லை. அதைப் போய்ப் பெயர்கள் ஓடும்போது துண்டு துண்டாகப் போட்டிருக்கிறாயே! கட்டிப்பிடித்ததோடு படம் முடிந்துவிட்டது என்று நினைத்தாயா? கட்டிப்பிடித்த பிறகுதான் அவர்கள் சேர்ந்து வாழப் பழக வேண்டியிருக்கிறது. அதுதான் உன் படம்.

இசையை எடுத்துவிடு. டோல்போ பேச்சு தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதி வாங்கு. சரிவுக் காட்சியை முழுசாகத் திரும்ப வை. விழாக்களுக்கு அனுப்பும் முன் அந்த ஊருக்குக் கொண்டுபோய்த் திரையிடு.

அதோடு விட்டுவிடாதே. 1964-இல் ஏழு வயதுப் பிள்ளைகளோடு தொடங்கிய ‘அப்’ ஆவணப்பட வரிசைக்காக, மைக்கேல் ஆப்டெட் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை அதே ஆட்களிடம் திரும்பிப் போனார். 2019-இல் அவர்களுக்கு 63 வயதாகியும் போனார். உனக்கும் அந்தப் பொறுமை வேண்டும். அந்தச் சின்னவனையும் கீழே அனுப்புவதா, வேண்டாமா என்று அந்த வீடு ஒருநாள் முடிவெடுக்கும். அண்ணன் என்ன சொல்வான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவலாக இருக்கிறது. அப்போது நீ அங்கே இருக்க வேண்டும். வழிச்செலவுக்குப் பணம் போதாவிட்டால் எழுது. எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் திரட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்